ஒன்பதாம் அத்தியாயத்துக் கதவு

சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, என் சேவுக்கடைக்கு மேல் மாடியில நடக்கிற டுடோரியல்ல, ஆனி மாசத்து ஞாயித்துக்கிழமை ஒண்ணுல, ஞானதீபம் சார் அந்த இங்கிலீஷ் கதையோட ஒன்பதாம் அத்தியாயத்தைச் சத்தம்போட்டு வாசிச்சு முடிச்சு, தண்ணி குடிக்கலாம்னு திரும்பினப்போ, மேக்குச் சுவத்துல ஒரு கதவு இருந்துச்சு. காலையில நான் கூட்டிப் பெருக்கும்போது அங்க கதவு கிடையாது. எனக்குத் தெரியாதா, அந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்காரி நான், எந்தச் சுவத்துல எந்த ஆணியை எவன் அடிச்சான்னு கேட்டாலும் சொல்லுவேன். கருமரத்துல செஞ்ச கதவு, ஆளுயரத்துக்கு மேல உயரம், பித்தளைக் குமிழ், சாவி போடுற ஓட்டையைச் சுத்தி இலையும் பூவுமா வேலைப்பாடு, கீழ் இடுக்கு வழியா ஐஸ் பெட்டியைத் திறந்தா வருமே அந்த மாதிரி குளிர்ப்புகை.

கீழ சேவு தேச்சுக்கிட்டிருந்த பரமன் கிட்ட அடுப்பைப் பாத்துக்கச் சொல்லிட்டு மேல ஏறிப்போய், "சார், யாரைக் கேட்டு இந்தக் கதவை வச்சீங்க?"ன்னு கேட்டேன். அவர் கையில தண்ணிச் செம்போட நின்னுக்கிட்டு, "நான் வைக்கலக்கா, பாடத்துல இருந்தது"ன்னாரு. சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் அறையும் கிடையாது, மாடியும் கிடையாது, வெறும் ஆகாயம், கீழ மினிபஸ்ஸுங்க நிக்கும். வெளிய இருந்து பாத்தா கதவும் தெரியல, நான் பொங்கலுக்கு அடிச்ச சுண்ணாம்பு அப்படியே இருக்கு. சரி, சுவத்தை இடிக்காமத்தான கதவு வந்திருக்குன்னு மனசு ஆறிப்போய் இறங்கப் போனேன், அப்பத்தான் உள்ள இருந்து யாரோ தட்டினாங்க. அவசரமில்லாத தட்டு, பக்கத்து வீட்டுக்காரி மோர் கேக்க வந்தா தட்டுவாளே, அவ்வளவுதான்.

அந்தக் கதை என்னன்னு இப்பவே சொல்லிடுறேன், இல்லாட்டி உங்களுக்குப் புரியாது. நூறு நூத்தம்பது வருசத்துக்கு முந்தி எவனோ ஒரு வெள்ளைக்காரன் எழுதினது, கடலோரப் பாறை மேல ஒரு பெரிய பங்களா, சுத்தி எப்பவும் மூடுபனி, அதுல கல்யாணம் கட்டாத ஒரு பெரிய மனுசி, மிஸ் தார்ன்னு பேரு. அவ ஒருநாள் திடீர்னு செத்துப்போறா, எப்படிச் செத்தான்னு யாருக்கும் தெரியாது, அதுதான் கதையோட மர்மம். அடக்கம் பண்ணிட்டு வந்தா, பூட்டிவச்ச அவ அறைக்குள்ள இருந்து தட்டுற சத்தம். ஒன்பதாம் அத்தியாயத்துல வீடே கதவுக்கு முன்னாடி கூடி நிக்குது, சொத்துக்காரனாகப் போற அண்ணன் மகன், வக்கீல், சமையக்காரி, தோட்டக்காரன் எல்லாரும். உள்ள இருந்து அவ குரல், "ஐ ஆம் கமிங்"னு கேக்குது. அண்ணன் மகன் நடுங்கிக்கிட்டு, வராதே வராதேன்னு பலகையை வச்சு ஆணி அடிக்கிறான், வக்கீல் துப்பாக்கியை நீட்டிக்கிட்டு, தைரியமிருந்தா வாடின்னு சொல்றான், விடியுறவரைக்கும் அவ தட்டிக்கிட்டே இருக்கா, விடிஞ்சு உடைச்சுப் பாத்தா அறை காலி, மெத்தையில மட்டும் கொஞ்சம் சூடு. அதோட அத்தியாயம் முடியுது. அவ எதுக்குத் தட்டினா, என்ன வேணும்னு கேட்டா, அந்த வெள்ளைக்காரன் கடைசிவரைக்கும் சொல்லல.

அவன் சொல்லாமப் போனதைத்தான் பரீட்சையில பதினஞ்சு மார்க்குக்குக் கேப்பான். வருசா வருசம் அதே கேள்வி, முன்ன பின்ன மாத்தி. கடையில விக்கிற கைடுல ஒரே வரி பதில், பழிவாங்க வந்தாள்னு. அதை எழுதினா முட்டை. சொந்தமா எழுதணுமாம். எங்க ஞானதீபம் சார் நல்ல மனுசன், பொய் சொல்ல மாட்டாரு, "எனக்கும் தெரியலம்மா, ரெண்டு மூணு விதமா எழுதலாம், எதுவும் ஒட்ட மாட்டேங்குது"ன்னு பிள்ளைகள் கிட்ட நேராவே சொல்லிடுவாரு.

அந்த வகுப்புல மத்ததுங்களெல்லாம் மீசை முளைச்ச பயலுகளும் அரியர் வச்ச பிள்ளைகளும். ஒருத்தி மட்டும் முப்பதைத் தாண்டினவ, ஜெயக்கொடி. படந்தால் பக்கத்துக்காரி, தீப்பெட்டி ஆபீசுல கணக்கு எழுதுற வேலை. தபால்ல படிக்கிறா, எல்லா பேப்பரும் முடிச்சுட்டா, இந்த ஒண்ணைத் தவிர. நாலு வருசமா எழுதுறா, நாலு வருசமும் அந்தப் பதினஞ்சு மார்க்குக் கேள்விக்கு வந்தா கை நின்னுபோகுதாம், மணி அடிக்கிறவரைக்கும் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துட்டு வந்துடுவா. இந்தத் தடவையோட அந்தப் பாடத்திட்டமே முடியுது, இதுலயும் போச்சுன்னா படிச்ச மொத்தமும் தண்ணியில எழுதின மாதிரின்னு யுனிவர்சிட்டில இருந்து சொல்லிட்டாங்க. அவ அம்மா அதே தீப்பெட்டி ஆபீசுல குச்சி அடுக்கி அடுக்கி விரல் தேஞ்சு இவளைப் படிக்க வச்சவ. முதல் தடவை இவ இந்தப் பேப்பரை எழுதிக்கிட்டிருந்த அன்னைக்குத்தான் அந்தம்மா மதுரையில பெரியாஸ்பத்திரியில இறந்துபோச்சு. எழவு வீட்டுல இவ கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வரலன்னு சொந்தக்காரிங்க எல்லாம் முகவாய்க்கட்டையில கை வச்சாளுக. எனக்கே அது ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு, அந்தப் புள்ளையைப் பாத்தா கல்நெஞ்சுக்காரி மாதிரியும் தெரியல.

சரி, கதவுக்கு வருவோம். முதல் வாரம் கூட்டம் சும்மா வந்து பாத்துச்சு. மறுவாரம் காரியத்தோட வந்துச்சு. எங்க ஊரு வெயிலைப் பத்தி உங்களுக்குத் தெரியாது, ஆனி ஆடியில காத்தடிச்சாலும் அனலாத்தான் அடிக்கும், அப்படியிருக்க ஒரு கதவு இடுக்குல இருந்து காசில்லாம குளிரு வருதுன்னா எவ விடுவா. பஸ் ஸ்டாண்டுல பூ விக்கிற மாரீஸ்வரி விடிஞ்சதும் பூக்கூடையைக் கொண்டுவந்து கதவோரம் வச்சா, சாயந்தரம் வரைக்கும் அரும்பு விரியல. அதைப் பாத்துட்டு மோர்க்காரி மோர்ப்பானையை வச்சா, வெள்ளரிக்காக்காரர் சாக்கை நனைச்சுக் காயோட வச்சாரு, வேர்க்குரு வந்த கைப்பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு வந்து பொம்பளைங்க பாய் விரிச்சுப் போட்டாளுக, பிள்ளைகளும் அழுகாம தூங்குச்சுக. சார் ஒரு பக்கம் இலக்கணம் நடத்துவாரு, இன்னொரு பக்கம் மோருக்குக் கடுகு தாளிச்சதா இல்லையான்னு பேச்சு ஓடும். பாடம் நடத்தும்போது பேசாதீங்கன்னு அவரும் ரெண்டு நாள் சொல்லிப் பாத்தாரு, அப்புறம் அவரே மோர் வாங்கிக் குடிச்சாரு.

முனிசிபாலிட்டியில இருந்து ஒரு ஆளு வந்தாரு. புதுசாக் கதவு வச்சிருக்கியே, பிளான் எங்கன்னாரு. கதவு இருக்கு சார், அறை இல்லை, சந்தேகமா இருந்தா வெளிய போய்ப் பாருங்கன்னேன். கீழ இறங்கிப் போய் மினிபஸ்ஸுக்கு நடுவுல நின்னு அண்ணாந்து பாத்தாரு, திரும்ப மேல வந்து கதவைத் தடவிப் பாத்தாரு, மறுபடி கீழ போனாரு. கடைசியில, அறைக்குத்தான் வரி, கதவுக்குத் தனியா வரி கிடையாதுன்னு சொல்லிட்டு, கொஞ்ச நேரம் குளிர்ல உக்காந்து வேர்வை ஆறிட்டுக் கிளம்பினாரு.

எனக்கு மட்டும் ஒரே கடுப்பு. ஏன்னா அந்தப் பனி மாடிப்படி வழியா மெதுவா இறங்கி என் கடைக்குள்ள வரும். வந்தா சேவு என்னத்துக்காகும், காலையில போட்ட சேவு மத்தியானம் நமுத்துப்போகும், வாயில போட்டா வத்தல் ஊறின மாதிரி கிடக்கும். சாத்தூர்ல கடை வச்சிருக்கிறவ நமுத்த சேவை வித்தான்னா அப்புறம் தூக்குல தொங்கலாம். தகர டின்னுல போட்டு மூடினேன், படிக்குச் சாக்குத் திரை கட்டினேன், பரமனை அடுப்பைத் தெருப்பக்கமா மாத்தச் சொன்னேன். மேல வர்ற கூட்டம் கீழ வாங்கித் தின்னதுல ஏவாரம் என்னமோ கூடத்தான் செஞ்சுச்சு, இருந்தாலும் வாயை மூடிக்கிட்டு இருக்க என்னால முடியுமா, தினமும் படியில நின்னு அந்த தார்னம்மாவை நாலு வார்த்தை திட்டிட்டுத்தான் கல்லாவுல உக்காருவேன். திட்டினா உள்ள இருந்து ரெண்டு தட்டு கேக்கும்.

தார்னம்மாங்கிற பேரு எங்க பொம்பளைங்க வாயில நிக்கல, ஆவணி பிறக்கிறதுக்குள்ள தாரணியம்மாவா ஆயிட்டா. "தாரணியம்மா இன்னைக்குச் சத்தத்தையே காணோமே, மேலுக்கு முடியலையோ"ம்பா மாரீஸ்வரி. வீட்டுச் சண்டை, மருமக கொடுமை, புருசன் குடி, எல்லாத்தையும் கதவுப் பக்கம் திரும்பிச் சொல்லுவாளுக, அந்தம்மாவும் இடையில ஒரு தட்டு தட்டும், ம் கொட்டுற மாதிரி. பேயின்னு ஒருத்தரும் பயப்படல. பூசாரி ஒருத்தர் எலுமிச்சம்பழத்தோட வந்து பாத்துட்டு, இது நம்ம பக்கத்து ஆளு இல்லை, என் மந்திரம் இதுக்குப் புரியாதுன்னு பழத்தை மோர்க்காரி கிட்டக் கொடுத்துட்டுப் போயிட்டாரு.

அந்தம்மா பேசவும் செஞ்சுச்சு. தினம் நாலு மணி வாக்குல, நாங்க ரெண்டாம் ஈடு சேவு எடுக்கிற நேரம், மூணு தட்டு தட்டிட்டு, "ஐ ஆம் கமிங்"னு சொல்லும். அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. ஆனா காது நம்ம பக்கம்தானே இருக்கு, நாள் முழுக்க எங்க பேச்சையும் பஸ் கண்டக்டருங்க கூவுறதையும் கேட்டுக் கேட்டு, புரட்டாசியில "நான் கமிங்"னு ஆச்சு, ஐப்பசி மழையில "நான் வர்றேன்"னு ஆச்சு, கார்த்திகையில சுத்தமா எங்க ஊருப் பொம்பளை மாதிரியே, "வர்றேன்"னுச்சு. எங்களுக்கு ஒரே பெருமை. வெள்ளைக்காரி, அதுவும் கதைக்குள்ள இருக்கிறவ, எவ்வளவு சீக்கிரமாப் பிடிச்சுக்கிட்டான்னு தெருவே பேசிச்சு.

வர்றேன்னு ஒரு மனுசி சொன்னா நாம என்ன செய்வோம், வாங்கன்னுதானே சொல்லுவோம். அப்படித்தான் சொன்னோம். நாலு மணிக்கு "வர்றேன்"னு குரல் வந்ததும் மாடியில இருக்கிற அத்தனை பேரும், "வாங்க, வாங்கம்மா"ன்னு ஒரே குரலாச் சொல்லுவோம். வெள்ளரிக்காக்காரர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாரு. மாரீஸ்வரி தினம் ஒரு முழம் மல்லிகை எடுத்துவச்சா, அந்தம்மா கொண்டை போட்டிருக்குமா பின்னல் போட்டிருக்குமான்னு அதுக்கு ஒரு தகராறு. நான்கூட ஒரு தட்டுல சூடா சேவு வச்சு, கலர் பாட்டில் ஒண்ணு உடைச்சு வச்சேன். வந்தா நம்ம வீட்டுல ஒண்ணும் இல்லைன்னு போயிடக் கூடாது பாருங்க. ஆனா அந்தம்மா வரல. வர்றேன் வர்றேன்னு சொல்லிச்சே தவிர, குமிழ் திரும்பல. நாங்க வாங்கன்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் உள்ள ஒரு பெருமூச்சு கேக்கும், அப்புறம் மறுநாள் நாலு மணி வரைக்கும் அங்கயும் இங்கயுமா நடக்கிற செருப்புச் சத்தம்.

ஜெயக்கொடி மட்டும் வாங்கன்னு சொல்ல மாட்டா. கடைசி பெஞ்சுல, கதவுக்கு நேரா உக்காந்து, வாசிச்சதையே திரும்பத் திரும்ப வாசிப்பா. நான் ஒருநாள், "ஏ புள்ள, அதான் ஆளே உள்ள நிக்குதே, நேராக் கேட்டு எழுதிர வேண்டியதுதான, எதுக்கும்மா தட்டுறீங்கன்னு"ன்னு கேலி பண்ணினேன். அவ சிரிக்கல. "கேட்டேன்க்கா. வர்றேன்னு மட்டும்தான் சொல்லுறாங்க. அந்தக் குரலைக் கேட்டா எனக்கு அடுத்த வரி ஓட மாட்டேங்குது"ன்னா. எனக்கு அவளைப் பாக்கப் பாவமா இருந்துச்சு, கொஞ்சம் சேவு கட்டிக் கொடுத்தேன்.

பரீட்சைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஞானதீபம் சார் ஒரு முடிவோட வந்தாரு. கூடவே மரவேலை பாக்கிற வேலாயுத ஆசாரி, கையில கடப்பாரை, உளி. "அக்கா, நான் இந்தக் கதவை உடைக்கப் போறேன். இந்தப் பொண்ணுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. உள்ள என்ன இருக்குன்னு கண்ணால பாத்தாலாவது எழுதிடுவா"ன்னாரு. அந்த மனுசன் அப்படிப் பேசி நான் பாத்ததில்ல.

மாரீஸ்வரி பூக்கூடையை விட்டுட்டு எந்திரிச்சா. "சார், உடைச்சா குளிர் போயிருமே"ன்னா. மோர்க்காரி, "அந்தக் கதையில உடைச்சவனுக்கு அறை காலியாத்தான இருந்துச்சு, நீங்கதான சொன்னீங்க, மறுபடி உடைச்சா மட்டும் என்னத்தக் காணப் போறீங்க"ன்னா. நியாயமான கேள்விதான். என்னைக் கேட்டாங்க. கட்டடக்காரி நான்தானே. ஆறு மாசமா நமுத்த சேவோட மல்லுக்கட்டினவ, உடைங்கடான்னுதான் சொல்லியிருக்கணும். ஆனா அந்தத் தட்டு இல்லாம மறுநாள் மத்தியானத்தை எப்படி ஓட்டுறதுன்னு அப்பத்தான் நினைச்சுப் பாக்கிறேன். ஜெயக்கொடி முகத்தைப் பாத்தேன், அவ உதடெல்லாம் வறண்டுகிடக்கு. "உடைங்க ஆசாரி, புள்ளையோட படிப்பு பெருசு"ன்னேன்.

ஆசாரி கடப்பாரையை நிலையில கொடுத்தாரு. அப்ப சரியா நாலு மணி. மூணு தட்டு. அப்புறம், "வர்றேன்."

பழக்க தோசம், அத்தனை பேரும், "வாங்க, வாங்க"ன்னோம். உள்ள அதே பெருமூச்சு.

ஜெயக்கொடி எந்திரிச்சா. "நிறுத்துங்க"ன்னா. சத்தமாக்கூடச் சொல்லல, ஆனா ஆசாரி கடப்பாரையை எடுத்துட்டாரு. அவ எங்களைப் பாக்காம கதவைப் பாத்துக்கிட்டே பேசினா. "எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணிச்சு. பரீட்சைக்கு முந்தின சாயந்தரம். என்னமோ மூச்சு வாங்கிக்கிட்டே பேசிச்சு. படிச்சியா, சாப்பிட்டியான்னு கேட்டுச்சு. அப்புறம், வர்றேன் தாயின்னுச்சு. டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்கன்னு நான் நினைச்சுக்கிட்டேன். இப்ப வராதம்மா, வந்தா என்னால படிக்க முடியாது, பரீட்சை முடியட்டும் அப்புறம் வான்னேன். ஒரு பெருமூச்சு விட்டுச்சு. அப்புறம் சரின்னுச்சு. அவ்வளவுதான். மறுநாள் நான் பரீட்சை ஹால்ல உக்காந்து இந்தக் கேள்வியை எழுத ஆரம்பிச்சப்போ அங்க அதுக்கு உசுரு போயிருக்கு."

ஆசாரி கடப்பாரையைத் தரையில வச்சாரு.

"அது வர்றேன்னு சொல்லலக்கா"ன்னா என்னைப் பாத்து. "போறேன்னு சொல்லிச்சு. நம்ம வீட்டுல எவ போறேன்னு சொல்லிட்டுப் போறா?"

எனக்கு அப்பத்தான் பொடதியில அடிச்ச மாதிரி விளங்குச்சு. எங்க பக்கம் போறேன்னு எவளும் சொல்ல மாட்டா, அது அபசகுனம், மார்க்கெட்டுக்குப் போனாலும் சரி, புருசன் வீட்டுக்குப் போனாலும் சரி, வாசல்ல நின்னு வர்றேன்னுதான் சொல்லணும். வீட்டுல இருக்கிறவ, சரி போயிட்டு வான்னு சொல்லணும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாட்டி கிளம்பினவ படி இறங்க மாட்டா, செருப்பைப் போட்டுக்கிட்டு அங்கயே நிப்பா, சேலையைச் சரி பண்ணுவா, மறந்துபோன எதையோ தேடுற மாதிரி நிப்பா. இந்தப் பச்சை உண்மை பொறந்ததுல இருந்து தெரிஞ்ச நாங்க அத்தனை பேரும் ஆறு மாசமா அந்தம்மாவைப் பாத்து வாங்க வாங்கன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கோம். அந்த பங்களாக்காரனுக சங்கதியும் அதேதான். ஒருத்தன் வராதேன்னான், ஒருத்தன் வாடின்னான், போயிட்டு வான்னு சொல்ல அந்த வீட்டுல ஒரு ஆளு இல்லாமப் போச்சு.

ஞானதீபம் சார் நாற்காலியில அப்படியே உக்காந்துட்டாரு. தாரணியம்மாவுக்குன்னு போட்ட நாற்காலி அது.

ஜெயக்கொடி கதவுகிட்டப் போனா. பூக்கூடையை ஓரமா நகத்தி வச்சா, மோர்ப்பானையைத் தள்ளி வச்சா, வழி விடுற மாதிரி. கை ரெண்டையும் பலகையில வச்சா. "தாரணியம்மா"ன்னு கூப்பிடுவான்னு பாத்தேன். "சரிம்மா"ன்னா. "சரிம்மா. போயிட்டு வா."

உள்ள துணி சரசரக்கிற சத்தம், உக்காந்திருந்தவ எந்திரிச்சு மடிப்பைத் தட்டிவிடுற சத்தம். செருப்புச் சத்தம் ரெண்டு அடி கதவு பக்கமா வந்துச்சு, நின்னுச்சு, திரும்பிச்சு. படி இறங்குற சத்தம், ஒரு படி, இன்னொரு படி, எங்க கட்டடத்துல அத்தனை படி கிடையாது, அந்தம்மா இறங்கிக்கிட்டே போனா. எங்கயோ தூரத்துல கடல் இரைஞ்சுச்சு, சாத்தூர்ல இருந்து கடல் எம்புட்டுத் தூரம்னு நினைச்சுப் பாருங்க. அப்புறம் அதுவும் அடங்கிப்போய் மினிபஸ் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

கதவு எப்ப இல்லாமப் போச்சுன்னு யாரும் பாக்கல. மாரீஸ்வரி பூவுல தண்ணி தெளிக்கலாம்னு திரும்பினப்போ என் சுண்ணாம்புச் சுவருதான் இருந்துச்சு, ஆசாரி கடப்பாரை பட்ட இடத்துல மட்டும் காரை கொஞ்சம் பேந்திருந்துச்சு. அவ ஒண்ணும் குறைப்பட்டுக்கல. கூடையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, "எம்புட்டு நாளா நிக்க வச்சுட்டோம் பாவத்த"ன்னு சொல்லிட்டுப் படி இறங்கினா. மோர்க்காரி பானையில இருந்த கடைசி மோரை எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு வாய் ஊத்திக் கொடுத்தா. அன்னைக்கு யாரும் சீக்கிரமா வீட்டுக்குப் போகல, மார்கழியிலயும் புழுங்குற மாடியில விசிறிக்கிட்டு அங்கயே உக்காந்து பேசிக்கிட்டிருந்தோம், ஏதோ நல்ல காரியம் ஒண்ணைச் செஞ்சு முடிச்ச களைப்பு எல்லார் முகத்துலயும். ஆறு மாசம் கழிச்சு அன்னைக்குச் சாயந்தரம் என் சேவு மொறுமொறுன்னு இருந்துச்சு.

பரீட்சை அடுத்த சனிக்கிழமை விருதுநகர்ல. ஜெயக்கொடி அதுல பாஸ் பண்ணினா, அந்தச் சேதி ரெண்டு மாசம் கழிச்சு வந்துச்சு, ஞானதீபம் சார் வகுப்புல கேக் வெட்டினாரு, பதினஞ்சுக்குப் பதிமூணாம், திருத்தினவன் எவனோ மனுசன். ஆனா எனக்கு அந்தச் சேதியைவிடப் பரீட்சை அன்னைக்கு நடந்ததுதான் நெஞ்சுல நிக்குது.

மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். நல்ல ஏவாரம், ரெண்டு டூரிஸ்ட் பஸ் வந்து நிக்குது, பரமன் எண்ணெய்ச் சட்டி முன்னாடி தேய்ச்சுத் தள்ளுறான், நான் பொட்டலம் கட்டி மாளல. விருதுநகர் பஸ்ஸுல இருந்து ஜெயக்கொடி இறங்கி ரோட்டைத் தாண்டி வந்தா. பை தோள்ல இருந்து நழுவி முழங்கையில தொங்குது, அதை ஏத்திவிடக்கூடத் தோணாம வந்தா. கூட்டத்தை விலக்கிக்கிட்டு கல்லா முன்னாடி வந்து நின்னா.

"எழுதினியா?"ன்னேன்.

"எழுதிட்டேன்க்கா. மூணு பக்கம்"ன்னா. அப்புறம் என் முகத்தையே பாத்தா, புதுசா ஒரு தகவல் சொல்ல வந்தவ மாதிரி. "அக்கா, எங்கம்மா செத்துப்போச்சு"ன்னா.

சொன்னவ அப்படியே என் கடை வாசல்ல உக்காந்துட்டா. உக்காந்து, வாயைப் பொத்தாம, தலையில அடிச்சுக்கிட்டு, அம்மா அம்மான்னு அழுதா பாருங்க, அந்த மாதிரி அழுகையை நான் என் ஆத்தா எழவுல கேட்டது, அதுக்கப்புறம் அன்னைக்குத்தான் கேட்டேன். டூரிஸ்ட்காரங்க மிரண்டுபோய் ஒதுங்கி நின்னாங்க. தெருவுக்குத் தெரிஞ்சுபோச்சு. நாலு வருசத்துக்கு முந்தி நடந்த சாவுன்னு எவளும் கணக்குப் பாக்கல. மாரீஸ்வரி பூவைப் போட்டது போட்டபடி ஓடிவந்து அவளைக் கட்டிக்கிட்டா, மோர்க்காரி வந்து இந்தப் பக்கம் உக்காந்து தோளைப் பிடிச்சுக்கிட்டா, வெள்ளரிக்காக்காரர் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு வெறும் காலோட வந்து கைகட்டி நின்னாரு, ஞானதீபம் சார் மேல இருந்து இறங்கி வந்து ஓரமா நின்னு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. எனக்கும் கண்ணு மறைச்சுச்சு. நான் கல்லாவை மூடினேன். கடை வச்ச நாள்ல இருந்து தீபாவளிக்குக்கூட அணையாத அடுப்பு அது, இருந்தாலும் எழவு வீட்டுல எண்ணெய் காயக் கூடாது.

"பரமா, சட்டியை இறக்கு"ன்னேன்.

அவன் பாதி வெந்த சேவை அரிச்சு எடுத்துட்டு, சட்டியை இறக்கி வச்சுட்டு, அடுப்புல தண்ணி தெளிச்சான்.